ஸ்கோலின் ஊசி: ஆபரேஷனுக்கு முன் 'ஆரிய வைசியரா?' என்று டாக்டர்கள் கேட்பது ஏன்?

ஆபரேஷனுக்கு முன்பு மயக்க மருந்து டாக்டர் வந்து பார்ப்பார். சுகர் இருக்கா, பிரஷர் இருக்கா, வீசிங் இருக்கா, பல் எதாவது ஆடுதா என்று வரிசையாகக் கேட்பார். சென்னையில் அந்த வரிசையில் சில நேரம் ஒரு கேள்வி கூடுதலாக வந்து விழும். "நீங்க ஆரிய வைசியா கம்யூனிட்டியா?"

கேட்டவுடன் பலருக்குச் சுருக்கென்று இருக்கும். ஆஸ்பத்திரியில் எதற்குச் சாதியைக் கேட்கிறார்கள் என்று கோபம்கூட வரலாம். ஆனால், இந்தக் கேள்விக்குப் பின்னால் இருப்பது ஒரு மருந்து, ஒரு நொதி, ஒரு மரபணு மாற்றம். அது தெரியாமல் ஊசி போட்டால் 10 நிமிடத்தில் திரும்ப வேண்டிய மூச்சு பல மணி நேரம் திரும்பாது.

அது என்ன மருந்து, யாருக்கு ஆபத்து, சாதியைக் கேட்பதுதான் சரியான வழியா? விரிவாகப் பார்க்கலாம்.

சுருக்கமாக

* ஆபரேஷனில் தசைகளைத் தளர்த்தப் போடப்படும் 'ஸ்கோலின்' என்ற மருந்தை, ரத்தத்தில் உள்ள ஒரு நொதி உடைக்கிறது.
* அந்த நொதி பிறவியிலேயே இல்லாதவர்களுக்கு மருந்து உடையாது. தானாக மூச்சு விட முடியாது.
* உலக அளவில் இது மிக அரிது. ஆரிய வைசியர் சமூகத்தில் பல மடங்கு அதிகம்.
* ஒரு ரத்தப் பரிசோதனையில் கண்டுபிடித்துவிடலாம். மாற்று மருந்துகளும் இருக்கின்றன.

ஸ்கோலின் என்பது என்ன?

இதன் மருத்துவப் பெயர் சக்சமெத்தோனியம். சக்சினைல்கோலின் என்றும் சொல்வார்கள். இந்திய ஆபரேஷன் தியேட்டர்களில் பழைய பிராண்ட் பெயரான 'ஸ்கோலின்' என்பதே நிலைத்துவிட்டது. 1951 முதல் ஆபரேஷன்களில் பயன்பாட்டில் இருக்கும் மருந்து இது. இதுபோன்ற தசைத் தளர்வு மருந்துகள் உருவாகக் காரணமான ஆய்வுகளைச் செய்தவர்களில் ஒருவரான டேனியல் போவெட்டுக்கு 1957-ல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. உலக சுகாதார அமைப்பின் அத்தியாவசிய மருந்துகள் பட்டியலிலும் இது இருக்கிறது.

ஒரு விஷயத்தை இங்கே தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். இது மயக்க மருந்து அல்ல. நோயாளியைத் தூங்க வைக்காது, வலியையும் குறைக்காது. தசைகளை மட்டும் முழுவதுமாகத் தளர்த்திவிடும். மூச்சு விட உதவும் தசைகளும் அதில் அடக்கம். அதனால்தான் தூங்க வைக்கும் மருந்தைக் கொடுத்துவிட்டு, அடுத்து இதைப் போட்டு, உடனே மூச்சுக்குழாயில் டியூப் வைத்து, செயற்கையாக மூச்சு கொடுக்கிறார்கள்.

இத்தனை ஆண்டுகள் ஆகியும் டாக்டர்கள் இதை விடாமல் வைத்திருப்பதற்குக் காரணம் இருக்கிறது. ஊசி போட்ட ஒரு நிமிடத்துக்குள் வேலை செய்யும். 5 முதல் 10 நிமிடத்தில் விளைவு தீர்ந்துவிடும். இவ்வளவு வேகமாக வந்து வேகமாகப் போகும் தசைத் தளர்வு மருந்து வேறு இல்லை. விலையும் குறைவு.

வயிற்றில் சாப்பாட்டோடு வரும் விபத்துக் கேஸ், நள்ளிரவில் அவசர சிசேரியன் போன்றவற்றில் வேகம் முக்கியம். தாமதமானால் வயிற்றில் இருப்பது நுரையீரலுக்குள் போய்விடும் அபாயம் உண்டு. மனநல சிகிச்சையில் கொடுக்கப்படும் மின் அதிர்ச்சி சிகிச்சைக்கும் இந்த மருந்து தேவைப்படுகிறது. தசைத் தளர்வு மருந்தும் மயக்கமும் இல்லாமல் அந்தச் சிகிச்சையைக் கொடுக்கக் கூடாது என்று 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் தடை விதித்திருக்கிறது.

10 நிமிடத்தில் மருந்து எங்கே போகிறது?

கல்லீரல் ஒரு நொதியைத் தயாரித்து ரத்தத்தில் விடுகிறது. அதன் பெயர் பியூட்டிரைல்கோலினெஸ்டெரேஸ். பழைய பெயர் சூடோகோலினெஸ்டெரேஸ். லேப் ரிப்போர்ட்டில் 'சீரம் கோலினெஸ்டெரேஸ்' என்று வரும்.

ஸ்கோலின் ரத்தத்தில் கலந்த நொடியிலிருந்தே இந்த நொதி அதை உடைக்கத் தொடங்கிவிடும். நரம்பும் தசையும் சந்திக்கும் இடத்துக்குப் போய்ச் சேருவதே போட்ட மருந்தில் ஒரு சிறு பங்குதான். மீதி எல்லாம் வழியிலேயே உடைந்துவிடும். தசையைப் பிடித்திருக்கும் மருந்தும் சில நிமிடங்களில் விலகி, ரத்தத்துக்கு வந்து உடையும். மூச்சு திரும்பும்.

இந்த நொதியே இல்லாத உடம்பில் என்ன ஆகும்? வழியில் உடைய வேண்டிய மருந்தும் சேர்ந்து தசையைப் போய்ப் பிடிக்கும். பிறகு சிறுநீரகம் மெதுவாக வெளியேற்றும் வரை காத்திருக்க வேண்டியதுதான். 3 மணி நேரம், 4 மணி நேரம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகலாம். டாக்டர்கள் மொழியில் இதற்கு 'ஸ்கோலின் ஆப்னியா' என்று பெயர். ஆப்னியா என்றால் மூச்சு நின்றிருக்கும் நிலை.

இது உயிருக்கு ஆபத்தா?

வெண்டிலேட்டரும், என்ன நடக்கிறது என்று புரிந்துகொண்ட டாக்டரும் இருந்தால் பெரும்பாலும் ஆபத்து இல்லை. மருந்து தானாக வெளியேறும் வரை செயற்கை சுவாசத்தைத் தொடர்ந்தால் போதும். நோயாளி முழுவதுமாகக் குணமடைந்துவிடுவார். பின்விளைவும் இருக்காது.

ஆபத்து இரண்டு இடங்களில் இருக்கிறது.

முதலாவது, ஆபரேஷன் முடிந்ததும் "மூச்சு வந்துடுச்சு" என்று நினைத்து டியூபை எடுத்துவிடுவது. தசையில் பலம் திரும்பாத நோயாளியால் போதுமான அளவு மூச்சு இழுக்க முடியாது. ஆக்சிஜன் குறையும்.

இரண்டாவது, வெளியே தெரியாத ஆபத்து. ஸ்கோலின் தூங்க வைக்காது என்று மேலே பார்த்தோம். ஆபரேஷன் முடிந்ததும் தூக்க மருந்தை நிறுத்திவிடுவார்கள். நோயாளியின் மூளை விழித்துக்கொள்ளும். ஆனால் கண் இமையைக்கூட அசைக்க முடியாது. சுற்றி நடப்பது எல்லாம் கேட்கும். தொண்டையில் டியூப் இருப்பது தெரியும். ஒரு விரலைக்கூடத் தூக்கிக் காட்ட முடியாது. வெளியே இருந்து பார்ப்பவர்களுக்கு "இன்னும் மயக்கம் தெளியலை" என்றுதான் தோன்றும். இந்த அனுபவம் வாழ்நாள் முழுவதும் மனதை உலுக்கக்கூடியது என்று மயக்கவியல் மருத்துவ உலகம் பதிவு செய்திருக்கிறது.

அதனால்தான் ஸ்கோலின் ஆப்னியா என்று சந்தேகம் வந்தவுடன் செய்ய வேண்டிய முதல் வேலை, செயற்கை சுவாசத்தோடு தூக்க மருந்தையும் தொடர்வது. நரம்பைத் தூண்டிப் பார்க்கும் ஒரு சிறிய கருவியை மணிக்கட்டில் வைத்தால், தசை எந்த அளவுக்குத் திரும்பியிருக்கிறது என்று தெரிந்துவிடும்.

பிற தசைத் தளர்வு மருந்துகளின் விளைவை முறிக்க நியோஸ்டிக்மின் என்ற ஊசி போடுவது வழக்கம். இங்கே அது கைகொடுக்காது. அந்த ஊசி இருக்கிற கொஞ்ச நொதியையும் முடக்கிவிடும் என்பதால் நிலைமை மோசமாகலாம். வேறொருவரின் பிளாஸ்மாவை ஏற்றினால் அதில் இருக்கும் நொதி மருந்தை உடைக்கும். ஆனால், காத்திருந்தாலே சரியாகிவிடும் ஒரு பிரச்னைக்காக ரத்தப் பொருள் ஏற்றும் அபாயத்தை எடுக்க வேண்டாம் என்பதே பொதுவான நிலைப்பாடு.

ஏன் ஆரிய வைசியர்கள்?

ஆரிய வைசியர்கள் தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்ட வணிக சமூகம். ஆந்திரா, தெலங்கானா, கர்நாடகா, தமிழ்நாடு என்று பரவி இருக்கிறார்கள். சென்னைக்கும் இவர்களுக்கும் உள்ள தொடர்பு மிகப் பழையது. ஜார்ஜ் டவுன் கொத்தவால் சாவடியில் உள்ள கன்னிகா பரமேஸ்வரி கோயில் இவர்களின் குலதெய்வக் கோயில். ஆந்திர மாநிலம் கேட்டு உண்ணாவிரதம் இருந்து 1952 டிசம்பரில் மயிலாப்பூரில் உயிர்விட்ட பொட்டி ஸ்ரீராமுலு இந்தச் சமூகத்தைச் சேர்ந்தவர். ராயப்பேட்டை நெடுஞ்சாலையில் அவரது நினைவு இல்லம் இருக்கிறது. மயிலாப்பூர், தி.நகர் பக்கம் தலைமுறைகளாக வாழும் தெலுங்குக் குடும்பங்களில் இவர்களும் உண்டு.

மரபியல் இங்கே எப்படி வருகிறது? 'நிறுவனர் விளைவு' என்று இதைச் சொல்கிறார்கள்.

ஒரு சமூகம் எப்போதோ ஒரு காலத்தில் சின்ன எண்ணிக்கையிலான மூதாதையர்களில் இருந்து தொடங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர்களில் ஒருவரிடம் தற்செயலாக ஒரு மரபணு மாற்றம் இருக்கிறது. அதற்குப் பிறகு பல நூற்றாண்டுகள் அந்தச் சமூகத்துக்குள்ளேயே திருமணம் நடக்கிறது. சமூகம் பெருகப் பெருக அந்த மாற்றமும் பெருகும். மக்கள் தொகை லட்சக்கணக்கில் ஆனாலும், மரபணு அளவில் அவர்கள் தூரத்து உறவினர்களே.

ஹார்வர்டு பல்கலைக்கழக மரபியலாளர் டேவிட் ரைக்கும், ஹைதராபாத் சி.சி.எம்.பி. ஆய்வு மையத்தின் குமாரசாமி தங்கராஜும் சேர்ந்து செய்த ஆய்வுகள் இதைப் பெரிய அளவில் காட்டின. ஆரிய வைசியர்களின் மக்கள் தொகைச் சுருக்கம் 2,000 முதல் 3,000 ஆண்டுகளுக்கு முன்பு நடந்திருக்கலாம் என்பது ரைக்கின் கணிப்பு. 2017-ல் நேச்சர் ஜெனடிக்ஸ் இதழில் வெளியான கட்டுரையில், தெற்காசியாவில் 260-க்கும் மேற்பட்ட குழுக்கள் ஆராயப்பட்டன. அதில் 81 குழுக்களில் நிறுவனர் விளைவு மிகத் தீவிரமாக இருந்தது. இந்த விஷயத்தில் உலகம் முழுக்க உதாரணமாகச் சொல்லப்படும் அஷ்கெனாசி யூதர்களையும் ஃபின்லாந்து மக்களையும் விட இந்தக் குழுக்களில் அது அதிகம். அந்தக் கட்டுரை எடுத்துக்காட்டாகச் சொன்ன சமூகங்களில் ஆரிய வைசியர்களும் ஒன்று. சொன்ன பிரச்னையும் இதே நொதிக் குறைபாடு.

இதைக் கவனமாகப் படிக்க வேண்டும். இது ஆரிய வைசியர்களுக்கு மட்டும் உரிய குறை அல்ல. 81 குழுக்கள் என்றால் இந்தியாவில் எத்தனையோ சமூகங்களுக்குள் வேறு வேறு மரபணு மாற்றங்கள் இப்படித் தேங்கி நிற்கின்றன என்று அர்த்தம். ஆபரேஷன் மேஜையில் பளிச்சென்று தெரிந்துவிடுவதால் இது மட்டும் சீக்கிரம் பெயர் வாங்கிவிட்டது.

கோவை ஆய்வு சொன்னது என்ன?

இந்தக் குறைபாட்டின் மரபணுக் காரணத்தைக் கண்டுபிடித்ததில் தமிழ்நாட்டுக்குப் பெரிய பங்கு இருக்கிறது. கோவை பாரதியார் பல்கலைக்கழகத்தின் ஆர்.பூபதி, ஐ.மனோகரன் ஆகியோர் கோவைப் பகுதி ஆரிய வைசியர்களின் ரத்த மாதிரிகளை ஆராய்ந்தனர். இந்த நொதியைப் பற்றி நீண்ட காலம் ஆய்வு செய்துவரும் அமெரிக்காவின் நெப்ராஸ்கா பல்கலைக்கழக விஞ்ஞானி ஒக்சானா லாக்ரிட்ஜும் இதில் பங்கேற்றார். 2006-ல் முடிவுகள் வெளியாயின.

நொதி என்பது ஒரு புரதம். 574 அமினோ அமிலங்கள் கோத்த மாலை மாதிரி. அதில் 307-வது இடத்தில் லூசின் இருக்க வேண்டும். இவர்களில் பலருக்கு அங்கே புரோலின் இருந்தது. ஒரே ஒரு மணி மாறியதால் மாலையே சரியாக அமையவில்லை. ரத்தத்தில் நொதியின் செயல்பாடு கிட்டத்தட்ட பூஜ்யம்.

ஐரோப்பிய, அமெரிக்க மக்களில் இப்படி நொதியே இல்லாத நிலை 1 லட்சம் பேரில் ஒருவருக்கு என்று கணக்கிடப்பட்டிருக்கிறது. கோவையில் ஆராயப்பட்ட ஆரிய வைசியர்களில் அது 24 பேரில் ஒருவர். சுமார் 4,000 மடங்கு. இது ஒரு பகுதியில் எடுக்கப்பட்ட மாதிரியின் கணக்கு. எல்லா ஊர்களிலும் இதே விகிதம் இருக்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. எத்தனை மடங்கு என்பதில் ஆய்வுக்கு ஆய்வு வித்தியாசம் உண்டு. மிக அதிகம் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை.

அடுத்த ஆண்டு வெளியான இன்னொரு ஆய்வு, நொதியே இல்லாதவர்களின் பொதுவான உடல்நிலையைப் பார்த்தது. நொதி இல்லை என்பதால் அவர்களுக்குத் தனியாக நோய் எதுவும் இல்லை, ஆரோக்கியமாகவே இருக்கிறார்கள் என்று தெரியவந்தது. இந்த நொதி இல்லாமலேயே மனித உடம்பு சமாளித்துக்கொள்கிறது. நரம்பு வேலைக்கு அத்தியாவசியமான அசிடைல்கோலினெஸ்டெரேஸ் என்ற நொதி வேறு. அது இவர்களுக்கு நன்றாகவே இருக்கிறது.

அதாவது, வாழ்நாள் முழுவதும் இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. ஸ்கோலின் உள்ளே போனால்தான் தெரியும்.

தென்னாப்பிரிக்காவில் நடந்தது

மயக்க மருந்து வந்த பிறகே வெளிச்சத்துக்கு வந்த பரம்பரைக் குறைபாடு இது ஒன்று மட்டுமல்ல. தென்னாப்பிரிக்காவின் வெள்ளையர்களில் பார்ஃபீரியா என்ற வளர்சிதை மாற்றக் கோளாறு அதிகம். தயோபென்டோன் என்ற தூக்க ஊசி புழக்கத்துக்கு வந்ததும் அவர்களில் சிலருக்கு ஆபரேஷனுக்குப் பின் பக்கவாதம் போன்ற கடுமையான பாதிப்புகள் வந்தன. வேரைத் தேடிப் போன மருத்துவர் ஜெஃப்ரி டீன், 1688-ல் கேப் பகுதியில் திருமணம் செய்துகொண்ட ஒரு டச்சுத் தம்பதியில் போய் நின்றார். ஆயிரக்கணக்கான நோயாளிகளுக்கு மூதாதையர் அந்த ஒரு ஜோடிதான்.

பேரைப் பார்த்தே கண்டுபிடிக்க முடியாதா?

முடியாது. தமிழ்நாட்டில் அது ரொம்பக் கஷ்டம்.

ஆந்திராவில் குப்தா, செட்டி என்று பெயரோடு ஒட்டி வரலாம். தமிழ்நாட்டில் பெயருக்குப் பின்னால் சாதிப் பெயர் போடும் வழக்கம் பெரும்பாலும் போய்விட்டது. இனிஷியலும் பெயரும் மட்டும் உள்ள கேஸ் ஷீட்டைப் பார்த்து யார் என்ன சமூகம் என்று சொல்ல முடியாது. அது நல்ல விஷயமும்கூட.

'செட்டியார்' என்று தெரிந்தாலும் குழப்பம் தீராது. நாட்டுக்கோட்டைச் செட்டியார், வாணியச் செட்டியார், தேவாங்கச் செட்டியார் என்று அந்தப் பட்டத்தில் பல சமூகங்கள் இருக்கின்றன. இவர்கள் எல்லாம் ஆரிய வைசியர்கள் அல்லர். இந்த ஆய்வு முடிவு இவர்களுக்குப் பொருந்தாது. வட இந்தியாவின் குப்தாக்களும் வேறு சமூகம்.

இதில் இன்னொரு பக்கமும் உண்டு. அப்பா ஒரு சமூகம், அம்மா ஒரு சமூகம் என்ற குடும்பங்கள் சென்னையில் ஏராளம். நொதி முழுவதும் இல்லாமல் போக அப்பா, அம்மா இருவரிடம் இருந்தும் மாறிய மரபணு வர வேண்டும். ஒருவரிடம் இருந்து மட்டும் வந்தால் பாதி அளவு நொதியாவது இருக்கும். அவர்களுக்கு ஸ்கோலின் கொஞ்ச நேரம் கூடுதலாக வேலை செய்யலாம். பெரும்பாலும் யாரும் கவனிக்கக்கூட மாட்டார்கள்.

வேறு சமூகத்தைச் சேர்ந்த ஒருவருக்கும் இந்தக் குறைபாடு வரலாம், வேறு மரபணு மாற்றங்களால். அதனால் 'ஆரிய வைசியர் இல்லை, கவலை இல்லை' என்று விட்டுவிடுவதும் தவறு.

அப்படியானால் சாதியைக் கேட்பது சரியா?

மருத்துவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. அவசர கேஸில் ரத்தப் பரிசோதனை ரிசல்ட்டுக்குக் காத்திருக்க நேரம் இருக்காது. ஒரே ஒரு கேள்வியில் ஆபத்தைக் குறைக்க முடியும் என்றால் கேட்பதுதான் பொறுப்பு.

தி.நகர், மயிலாப்பூர், அடையார் போன்ற இடங்களில் தெருவுக்குள் இருக்கும் சின்ன நர்சிங் ஹோம்களை நினைத்துப் பாருங்கள். இவற்றில் பலவற்றில் மயக்க மருந்து டாக்டர் முழுநேரம் இருப்பதில்லை. ஆபரேஷன் நேரத்துக்கு வந்து, முடித்துவிட்டு, அடுத்த ஆஸ்பத்திரிக்குப் போவார். நோயாளியை முதன்முதலாகப் பார்ப்பதே தியேட்டர் வாசலில் என்ற நிலையும் உண்டு. நான்கு மணி நேரம் வெண்டிலேட்டரில் வைக்க வேண்டும் என்றால் அங்கே அந்த வசதி இருக்க வேண்டும், அல்லது நோயாளியை மூச்சு கொடுத்துக்கொண்டே வேறு ஆஸ்பத்திரிக்கு மாற்ற வேண்டும். முன்கூட்டியே தெரிந்திருந்தால் இந்த நெருக்கடியே வராது.

ஆனால், கேள்வியை எப்படிக் கேட்கிறார்கள் என்பது முக்கியம். காரணம் சொல்லாமல் "என்ன கம்யூனிட்டி?" என்று மட்டும் கேட்டால் நோயாளி சந்தேகப்படுவார், பதில் சொல்லத் தயங்குவார், மாற்றிக்கூடச் சொல்லலாம். "ஒரு மருந்து சில குடும்பங்களுக்கு ஒத்துக்காது, அதுக்காகக் கேட்கிறோம்" என்று ஒரு வரி சேர்த்தால் பதில் சரியாக வரும்.

சமூகத்தைக் காட்டிலும் குடும்ப வரலாறு இன்னும் துல்லியமான தகவல். "உங்க வீட்ல யாருக்காவது ஆபரேஷன் முடிஞ்சும் ரொம்ப நேரம் மூச்சு வராம மெஷின்ல வச்சிருந்தாங்களா?" என்ற கேள்வி எந்தச் சமூகத்துக்கும் பொருந்தும். ஸ்கோலின் தூண்டக்கூடிய இன்னொரு பரம்பரைப் பிரச்னையான, உடல் வெப்பம் தாறுமாறாக ஏறும் 'மாலிக்னன்ட் ஹைப்பர்தெர்மியா'வும் இந்தக் கேள்வியில் மாட்டும். அதற்கான முறிவு மருந்து டான்ட்ரோலீன் எல்லா ஆஸ்பத்திரிகளிலும் கைவசம் இருக்காது என்பதால், முன்கூட்டியே தெரிவது அங்கே இன்னும் முக்கியம்.

டெஸ்ட் எடுத்தால் தெரியுமா?

தெரியும். சீரம் கோலினெஸ்டெரேஸ் என்ற ரத்தப் பரிசோதனை போதும். பூச்சிமருந்து விஷம் உடலில் ஏறியிருக்கிறதா என்று பார்க்கவும் இதே பரிசோதனைதான். அதனால் தமிழ்நாட்டில் இது புதிய பரிசோதனை அல்ல.

1957-ல் கனடாவில் வெர்னர் காலோ என்ற விஞ்ஞானி 'டிபுகெய்ன் எண்' என்ற பரிசோதனையை அறிமுகப்படுத்தினார். நொதி இருந்தும் தரம் குறைவாக உள்ளவர்களைக் கண்டுபிடிக்க அது உதவும். ஆரிய வைசியர்களிடம் காணப்படும் வகையில் நொதியின் செயல்பாடே ஏறத்தாழ இல்லை என்பதால், சாதாரண அளவீட்டிலேயே தெரிந்துவிடும்.

ரிசல்ட்டைப் படிக்கும்போது சில விஷயங்களைக் கவனிக்க வேண்டும்.

* கர்ப்ப காலத்தில் இந்த நொதி எல்லோருக்கும் சுமார் கால் பங்கு குறையும்.
* கல்லீரல் நோய், கடும் ஊட்டச்சத்துக் குறைவு, பெரிய தீக்காயம் ஆகியவற்றிலும் குறையலாம்.
* பூச்சிமருந்து உடலில் சேர்ந்திருந்தாலும் குறையும். மறுபக்கம், பிறவியிலேயே நொதி இல்லாத ஒருவரின் ரிப்போர்ட்டைப் பார்த்து 'விஷம் குடித்திருக்கிறார்' என்று தவறாக நினைக்கவும் வாய்ப்பு உண்டு.
* ஸ்கோலின் ஆப்னியா வந்த ஒருவருக்கு பிளாஸ்மா ஏற்றியிருந்தால், அதில் உள்ள நொதி ரிசல்ட்டை மாற்றிக் காட்டும். அதற்கு முன்பே ரத்தம் எடுத்துவிட வேண்டும்.

ஒருவருக்கு நொதி இல்லை என்று தெரிந்தால் உடன்பிறந்தவர்களுக்கும் டெஸ்ட் எடுப்பது அவசியம். பெற்றோர் இருவரும் மாறிய மரபணுவை ஒன்று வீதம் சுமப்பவர்களாக இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் இந்தக் குறைபாடு வர 25 சதவிகித வாய்ப்பு இருக்கிறது. மாமா, அத்தை வழியில் திருமணம் செய்துகொண்ட குடும்பங்களில் இந்த வாய்ப்பைக் கூடுதல் கவனத்தோடு பார்க்க வேண்டும்.

'மயக்க மருந்தே ஒத்துக்காது' என்பது உண்மையா?

இல்லை. பல வீடுகளில் இருக்கும் பெரிய தவறான நம்பிக்கை இதுதான். "எங்க அத்தைக்கு மயக்க மருந்தே ஒத்துக்காது, அதனால எங்க குடும்பத்துல யாரும் ஆபரேஷன் பண்ணிக்க மாட்டோம்" என்று தேவையான ஆபரேஷனையே தள்ளிப்போடுகிறவர்கள் உண்டு.

இது அலர்ஜி அல்ல. தடிப்போ அரிப்போ வராது. தவிர்க்க வேண்டியது மிகச் சில மருந்துகளை மட்டும்தான்.

தவிர்க்க வேண்டியவை: ஸ்கோலின், இதே நொதியால் உடையும் மைவாகூரியம் என்ற இன்னொரு தசைத் தளர்வு மருந்து. மரத்துப்போக வைக்கும் ஊசிகளில் புரோகெய்ன், குளோரோபுரோகெய்ன் வகைகளும் இதே நொதியை நம்பி இருப்பவை என்பதால் எச்சரிக்கை தேவை.

பயன்படுத்தக்கூடியவை: புரோபோஃபால், கெட்டமின் போன்ற தூக்க ஊசிகள், வழக்கமான மயக்க வாயுக்கள், அட்ராகூரியம், வெகுரோனியம், ரோகுரோனியம் போன்ற பிற தசைத் தளர்வு மருந்துகள். பல் டாக்டர் போடும் லிக்னோகெய்ன், முதுகில் போடும் பியூபிவகெய்ன் ஆகியவற்றை உடைப்பது கல்லீரல். அவற்றுக்கும் இந்த நொதிக்கும் சம்பந்தம் இல்லை.

அவசர கேஸில் ஸ்கோலினுக்குப் பதிலாக ரோகுரோனியத்தைக் கூடுதல் அளவில் கொடுத்தால் ஏறக்குறைய அதே வேகத்தில் டியூப் வைக்க முடியும். அதன் விளைவை உடனே முறிக்க சுகமாடெக்ஸ் என்ற மருந்து இருக்கிறது. ஸ்கோலினோடு ஒப்பிட்டால் இந்த ஜோடிக்குச் செலவு பல மடங்கு. சின்ன ஆஸ்பத்திரிகளில் ஸ்கோலின் இன்னும் முதல் தேர்வாக இருக்க அதுவும் ஒரு காரணம்.

நீங்கள் என்ன செய்யலாம்?

* குடும்பத்தில் யாருக்காவது ஆபரேஷனுக்குப் பிறகு மூச்சு திரும்பத் தாமதமானதா என்று பெரியவர்களிடம் கேட்டு வையுங்கள். நடந்திருந்தால், எந்த ஆஸ்பத்திரி, எந்த வருடம் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.
* ஆரிய வைசியர் குடும்பம் என்றால், திட்டமிட்ட ஆபரேஷன் அல்லது பிரசவத்துக்கு முன்பே சீரம் கோலினெஸ்டெரேஸ் டெஸ்ட் எடுக்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். கர்ப்பத்துக்கு முன்பே எடுத்துவிட்டால் ரிசல்ட் தெளிவாக இருக்கும்.
* குறைபாடு உறுதியானால் 'ஸ்கோலின் கொடுக்கக் கூடாது' என்று டாக்டரிடம் எழுதி வாங்கி, பர்ஸிலும் மொபைலிலும் வையுங்கள். விபத்தில் நினைவில்லாமல் போகும்போது அந்தச் சீட்டுதான் உங்களுக்காகப் பேசும்.
* ஸ்கோலின் ஆப்னியா வந்திருந்தால் டிஸ்சார்ஜ் சம்மரியில் அந்த வார்த்தை இருக்கிறதா என்று பாருங்கள். 'மயக்கம் தெளியத் தாமதம்' என்று மட்டும் எழுதியிருந்தால் அடுத்த டாக்டருக்கு எதுவும் புரியாது.
* மயக்க மருந்து டாக்டர் சமூகத்தைக் கேட்டால், ஏன் என்று நீங்களும் கேட்கலாம். காரணம் தெரிந்துகொள்வது உங்கள் உரிமை.

அடுத்து என்ன?

சுமார் 10,000 இந்தியர்களின் முழு மரபணு வரிசையைத் தொகுத்த 'ஜீனோம் இந்தியா' திட்டத்தின் தரவுகள் 2025 ஜனவரியில் ஆய்வாளர்களுக்குத் திறந்துவிடப்பட்டன. எந்தச் சமூகத்தில் எந்த மருந்துக்கு எச்சரிக்கை தேவை என்பதை இதுபோன்ற தரவுகள் படிப்படியாகத் தெளிவாக்கும். பட்டியல் நீளும்போது இன்னும் பல சமூகங்களின் பெயர்கள் அதில் வரக்கூடும்.

அப்போது இரண்டு கேள்விகளுக்குப் பதில் தேவைப்படும். இந்தத் தகவல் காப்பீட்டு நிறுவனங்களின் கையில் போனால் என்ன ஆகும்? கல்யாணப் பேச்சில் ஒரு சமூகத்தையே 'குறை உள்ளவர்கள்' என்று ஒதுக்க இது பயன்படுமா?

ஸ்கோலின் விஷயத்தில் அப்படிப் பயப்பட எதுவும் இல்லை. நொதி இல்லாதவர்கள் நோயாளிகள் அல்லர். ஆயுள் முழுக்க மாத்திரை வேண்டாம், சிகிச்சை வேண்டாம், செலவும் கிடையாது. ஊசி போடப் போகிறவருக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தால் போதும்.

(இந்தக் கட்டுரை பொதுவான தகவலுக்காக மட்டுமே. பரிசோதனை, மருந்து தொடர்பான முடிவுகளை உங்கள் மருத்துவரைக் கலந்து ஆலோசித்து எடுக்கவும்.)